எவ்வளவு வலிமை போதும்?

ஆயுத பூசையன்று கோலார் தங்கவயலில் ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும் சந்தனம் வைப்பார்கள். தையல் மெஷினுக்கும் ஆட்டோவுக்கும் பொட்டு உண்டு. தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவரின் லேப்டாப்புக்கும் பூ கிடைக்கும். இந்த வரிசையில் இப்போது உள்ளங்கை அளவில் ஒரு புது வரவு வந்து நிற்கிறது. பேட்டரியில் ஓடும் சின்ன ஸ்க்ரூ டிரைவர்தான் அது. ஆன்லைனில் விலை பார்த்து வாங்கிவிடக்கூடிய பொருள்தான். ஆனாலும் பூசைத் தட்டுக்கு முன்னால் அதை வைத்ததும் ஒரு பழைய கேள்வி எழுந்துவிடுகிறது. கருவியைக் கும்பிடுகிறோமே, அதில் எதைக் கும்பிடுகிறோம்?

பக்தர்களிடம் இதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. கருவிக்குள் இருக்கும் ஆற்றல் தேவியின் ஆற்றல். சோறு போடும் பொருளை ஆண்டுக்கு ஒரு நாளாவது ஓய்வில் வைத்து நன்றி சொல்வது மனிதனுக்கு அழகு. இந்த நன்றியுணர்வை யாரும் எளிதாகத் தள்ளிவிட முடியாது.

தங்கவயலுக்கு இன்னொரு மரபும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சாதிக் கொடுமையிலிருந்து விலகி சுரங்க வேலைக்கு வந்த தமிழர்களிடையே அயோத்திதாச பண்டிதரின் பௌத்தம் வேரூன்றியது. தங்கவயலின் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் பௌத்த சங்கங்கள் எழுந்தன. 1914இல் பண்டிதர் மறைந்தார். அவர் நடத்திய ‘தமிழன்’ இதழை 1926இல் ஜி. அப்பாதுரையார் இதே ஊரிலிருந்து மீண்டும் கொண்டுவந்தார். பண்டிகைகளைப் பண்டிதர் படித்த விதம் தனி. தீபாவளியை அசுரவதத்தின் நினைவாக அவர் ஏற்கவில்லை. எள்ளிலிருந்து நெய் எடுக்கும் முறையைப் பௌத்தத் துறவிகள் கண்டறிந்து மக்களுக்குத் தந்த நாள் என்றார். எண்ணெய் தேய்த்துக் குளிப்பதன் மூலத்தை அவர் அங்கே கண்டார். வரலாற்றாசிரியர்கள் இதை ஏற்பார்களா என்பது வேறு விவாதம். மனிதருக்குப் பயன்பட்ட ஒரு கண்டுபிடிப்பையும் அதைக் கண்டறிந்தவரையும் போற்றுவதே பண்டிகை என்ற பார்வைதான் இங்கே முக்கியம். அதே பார்வையை ஆயுத பூசைக்கும் நீட்டினால், வணக்கம் கருவியின் ஆற்றலோடு நிற்காது. அதன் பயனுக்கும், அதை ஆக்கிய கைகளுக்கும் போய்ச் சேரும்.

வெறும் ஆற்றலைக் கும்பிட முடியாது என்பதற்கு இந்த ஊரே சாட்சி. சிவசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து எடுத்த மின்சாரம் 1902 ஜூன் 30 அன்று ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியாக இங்கே வந்து சேர்ந்தது. பெங்களூருத் தெருக்களுக்கு விளக்கு வந்தது அதற்குப் பிறகு, 1905இல்தான். அன்றைய உலகம் வியந்த ஆற்றல் அது. வந்ததோ சுரங்க இயந்திரங்களை ஓட்ட. சாம்பியன் ரீப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் கீழே இறங்கியது. பாறையைத் துளைத்த கருவிகள் தங்கத்தை எடுத்தன. துளைக்கும்போது எழுந்த சிலிக்கா தூசு தொழிலாளியின் நுரையீரலில் தங்கியது. இந்தியாவில் சிலிக்கோசிஸ் நோய் முதன்முதலில் பதிவானதே இந்தச் சுரங்கங்களில்தான், 1947இல். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. மூச்சிரைப்பு மூடப்படவில்லை. துளைப்பானுக்கு வலிமை குறைவு என்று எவரும் சொல்ல முடியாது. அந்த வலிமை யாருக்காக, எந்த அளவில் என்று கேட்கும் உரிமை மட்டும் அதைப் பிடித்திருந்த கைக்கு இல்லை.

வீட்டுக்கு ஸ்க்ரூ டிரைவர் வாங்கும்போது அந்த உரிமை முழுக்க வாங்குகிறவரிடம் இருக்கிறது. அற்பமான வாய்ப்பு என்று அதை ஒதுக்க வேண்டியதில்லை. வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் வேலையின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, துணைவரின் வலிமை என நான்கையும் எடைபோடச் சொல்கிறார். அரசனுக்குச் சொன்ன அறிவுரைதான், கடைக்காரர் முன்னால் நிற்பவருக்கும் உதவும்.

வீட்டு வேலை என்ன? கதவுக் கீல், ஸ்விட்ச் போர்டு மூடி, அலமாரிக் கைப்பிடி, பிரித்துப் பூட்டும் மேசை. சின்னக் கருவிகளில் பெரும்பாலும் ஒரே ஒரு லித்தியம்-அயான் செல், 3.6 வோல்ட். திருகுவிசை 3 முதல் 5 நியூட்டன் மீட்டர் வரை. உரமுள்ள ஒரு கை சாதாரணத் திருப்புளியை அழுத்தித் திருகும் வலிமைக்கு இது பெரிதும் மாறுபட்டதல்ல. ஆகவே இது மனிதனின் வலிமையைக் கூட்டும் கருவியே இல்லை, களைப்பைக் குறைக்கும் கருவி. அறுபது தாண்டிய மணிக்கட்டுக்கு அந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். 12 வோல்ட் டிரில் இதைப்போல ஐந்தாறு மடங்கு விசை தரும். அதை அசட்டையாகப் பிடித்தால் பிளாஸ்டிக் போர்டு விரிசல் விடும். எதிரில் இருப்பது தேக்குக் கட்டை என்றால் முதலில் சின்னத் துளை போட்டுக்கொள்ள வேண்டும். சிமெண்டுச் சுவர் இதன் வேலையே இல்லை. துணை என்பது முனையில் மாட்டும் பிட். ஸ்டார் பிட்டில் ஒன்றாம் நம்பரும் இரண்டாம் நம்பரும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். மாற்றிப் போட்டால் வழுக்கி வழுக்கி ஸ்க்ரூ தலையைத் தின்றுவிடும்.

இவை எல்லாவற்றிலும் முதலில் பார்க்க வேண்டியது கிளட்ச். கழுத்தில் எண்கள் போட்ட வளையம் இருக்கும். வைத்த அளவு விசை வந்ததும் உள்ளே கடகடவென்று நழுவும், ஸ்க்ரூ அதற்கு மேல் இறுகாது. மயிலிறகுதானே என்று ஏற்றிக்கொண்டே போனாலும் ஓர் அளவுக்குமேல் வண்டியின் அச்சு முறியும் என்பதும் அதே வலியறிதல் அதிகாரத்தில்தான் வருகிறது. இறுக்கத் தெரிந்த கருவிகள் கடை நிறையக் கிடக்கின்றன. போதும் என்ற இடத்தில் நிற்கத் தெரிந்த கருவி வேண்டும். கிளட்ச் இல்லாததை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்காமல் இருப்பதே நல்லது.

இனி, அதை ஆக்கிய கைகள். லித்தியம்-அயான் செல்கள் பலவற்றில் கோபால்ட் கலந்திருக்கிறது. உலகக் கோபால்ட்டின் பெரும்பகுதி காங்கோ ஜனநாயகக் குடியரசில் தோண்டப்படுகிறது. அங்கே ஒரு பகுதியை எடுப்பவர்கள் பாதுகாப்புக் கவசம்கூட இல்லாமல் கையால் குழி தோண்டும் ஏழைகள். அவர்களுக்கு நடுவே சிறுவர்களும் இருப்பதை ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2016இல் பதிவு செய்தது. மூன்று தலைமுறை சுரங்கத்தில் இறங்கிய ஊருக்கு இந்தச் செய்தி தொலைதூரத்துச் செய்தியாக இருக்க முடியாது. இந்தக் கருவிக்குப் பொட்டு வைக்கும் விரல் காங்கோவின் சுரங்கத் தொழிலாளியையும் நினைக்காவிட்டால், பண்டிதர் காட்டிய வழியில் அது பாதி வணக்கம்தான்.

நினைப்பதோடு நிற்கவும் வேண்டாம். சின்னக் கருவிகள் பலவற்றில் செல்லை உள்ளேயே பற்றவைத்து மூடிவிடுகிறார்கள். செல் செத்தால் நல்ல மோட்டாரும் குப்பைக்குப் போகும். செல்லை மாற்ற முடியுமா, பழையதைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கடையில் கேட்கலாம். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அந்தப் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைத்திருக்கின்றன. வருஷத்துக்கு நாலு ஸ்க்ரூ திருகும் வீட்டுக்கு இரண்டு கைத் திருப்புளியே தாராளம். அதற்குமேல் வேலை உண்டென்றால், ஒரே தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒன்று வாங்கலாம். ஏணியும் கடப்பாரையும் வீட்டுக்கு வீடு கைமாறும் தெருக்களில் இது புதுப் பழக்கமும் அல்ல. செல்லுக்கும் அது நல்லது. சார்ஜ் தீர்ந்து மாதக்கணக்கில் அலமாரியில் கிடக்கும் லித்தியம் செல்தான் சீக்கிரம் கெட்டுப்போகிறது.