பர்னபா கண்ட கிருபை

அந்தியோகியாவில் புதிதாக ஒரு சபை எழும்பிய செய்தி எருசலேமை எட்டியது. அதைத் தொடங்கியவர்கள் அப்போஸ்தலர்கள் அல்ல. ஸ்தேவானின் மரணத்தை ஒட்டிய உபத்திரவத்தில் சிதறிப்போன, பெயர்கூடத் தெரியாத விசுவாசிகள். பார்த்து வர அனுப்பப்பட்டவர் பர்னபா. ‘யாரைக் கேட்டு யூதரல்லாத கிரேக்கரைச் சேர்த்தீர்கள்?’ என்று அவர் அதட்டியிருக்கலாம். அவர் கண்ணில் பட்டதோ தேவகிருபை. கண்டார், மகிழ்ந்தார் (அப்போஸ்தலர் 11:23).

அதோடு நிற்கவில்லை. தர்சுவுக்கே போய் சவுலைத் தேடிப்பிடித்து அழைத்து வந்தார். ஒரு வருஷம் இருவரும் சேர்ந்து போதித்தார்கள். பிற்பாடு பவுல் என்று அழைக்கப்பட்ட அந்தச் சவுலின் பெயர் முந்திக்கொண்டது. அதற்காக பர்னபா முகம் சுளித்ததாக வேதத்தில் ஒரு வரியும் இல்லை.

கட்சி கட்டிச் சண்டையிட்ட கொரிந்து சபைக்கு எழுதும்போதும், கண்டிப்பதற்கு முன் அவர்கள் பெற்ற கிருபைக்காகவும் வரங்களுக்காகவும் பவுல் நன்றி சொல்கிறார். பர்னபாவிடம் கற்ற பாடமோ?

உருக்கமாக ஜெபிக்கிறவர், படுத்த படுக்கையாய் இருப்பவர்களை வாரம் தவறாமல் போய்ப் பார்க்கிறவர், ஆராதனைக்கு முன்பே வந்து பாய் விரிக்கிறவர்... உங்கள் சபையில் அப்படி ஒருவருக்காக இன்று பெயர் சொல்லி ஸ்தோத்திரம் செலுத்துங்கள். அதை அவரிடமும் சொல்லிவிடுங்கள்.