மெஷினை மேசைமேல் வையுங்கள் அண்ணாச்சி!

“கார்டு எடுப்பீங்களா அண்ணாச்சி?” என்று கேட்கிறார் ஒருவர். “அதெல்லாம் அருப்புக்கோட்டையிலதான் தம்பி” என்கிறீர்கள். ஐயாயிரம் ரூபாய் வியாபாரம் படியிறங்கிப் பஸ் ஏறுகிறது. அதை விரட்டியது மழை பெய்யாத வானமா, டவுன் கடைக்காரரா? உங்கள் வாய்!

எந்த ஊரில் உட்கார்ந்து இப்படிச் சொல்கிறீர்கள்? 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் உங்கள் பாலவனத்தம் ஜமீந்தார். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது அதற்குத் தலைவராக நின்றவரும் அவரே. பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு, பத்து லட்சம் மூலதனம். எதிரே வெள்ளைக்காரன் கம்பெனி, அதற்கு முட்டுக்கொடுக்க அவனுடைய அரசாங்கம். கண்மாய் நிறையுமா என்று வானம் பார்க்கும் சீமைக்காரர் கடலில் கப்பல் விடத் துணிந்தார். நீங்கள் உள்ளங்கை அகலக் கார்டு மெஷினைக் கண்டு ஒதுங்குகிறீர்கள்!

அதற்குள் பூதமா இருக்கிறது? ஒரு சிம் கார்டுதான். கார்டைச் செருகினாலும் தட்டினாலும் விவரம் சங்கேதமாக மாறி உங்கள் வங்கிக்குப் போகிறது. அங்கிருந்து விசா, மாஸ்டர்கார்டு, ரூபே வழியாகக் கார்டு கொடுத்த வங்கியை எட்டி, சில நொடியில் பதிலோடு திரும்புகிறது. பணம் பெரும்பாலும் அடுத்த வேலைநாளில் கணக்கில் ஏறிவிடும். தட்டும் கார்டுக்கு 5,000 ரூபாய் வரை பின் நம்பர்கூட வேண்டாம் என்று 2021 ஜனவரி முதல் ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. கம்பி இல்லாததால் கடையும் நாலு சுவருக்குள் நிற்க வேண்டியதில்லை. உர மூட்டை இறக்கிய களத்திலேயே, சேலைக்கட்டைப் பிரித்த திண்ணையிலேயே பணம் வாங்கலாம்.

“கமிஷன் பிடிப்பானே!” பிடிப்பான்தான். கணக்குப் போடுங்கள். கிரெடிட் கார்டுக்கு 2 சதவீதம் என்றே வைத்துக்கொண்டால் 5,000க்கு 100 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி 18 ரூபாய். கடன் நோட்டில் எழுதி, வெள்ளாமை வீடு வரும்வரை காத்திருந்து, பாதி வராமலே போனதே, அது எத்தனை சதவீதம்? அதை ஒருநாளாவது கூட்டிப் பார்த்தீர்களா?

வியாபாரத்தில் சிறு பங்கை எடுத்துவைப்பது இந்தச் சீமைக்குப் புதிதும் அல்ல. அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, சாத்தூர், விருதுநகர் பேட்டைகளில் நாடார் வியாபாரிகள் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை ஒதுக்கினார்கள். பள்ளிக்கூடம் எழும்பியது அந்தக் காசில்தான். மகமை சமுதாயத்துக்குப் போனது, கமிஷன் வங்கிக்குப் போகிறது. அந்த வித்தியாசம் எனக்கும் உறுத்தல்தான். அதனால்தான் சொல்கிறேன், ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்! விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் இருக்கும் கடையில் டெபிட் கார்டு தேய்த்தால் 0.40 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது 2018இல் வந்த விதி. ரூபே டெபிட்டுக்கும் யுபிஐக்கும் 2020 ஜனவரியிலிருந்து அந்தக் கட்டணமே கிடையாது. கிரெடிட் கார்டுக்கு இப்படி உச்சவரம்பு இல்லை. அங்கேதான் உங்கள் பேரம் பேசும் வாய் வேலை செய்ய வேண்டும். தக்காளிப் பெட்டிக்குப் பத்து ரூபாய் குறைக்க அரைமணி நேரம் மல்லுக்கட்டுகிற வாய்தானே அது!

இன்னொன்று. மெஷினில் ஏறும் ஒவ்வொரு விற்பனையும் வங்கிக் கணக்கில் பதிவாகிறது. நாளைக்குக் கடன் கேட்டுப் போகையில் வட்டிக்காரர் வாசலில் கைகட்டி நிற்க வேண்டாம், அந்த வரவுக் கணக்கை எடுத்து நீட்டலாம்.

திங்கட்கிழமை வங்கிக்குப் போங்கள். நாற்காலி நுனியில் ஒண்டாமல் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து கேளுங்கள்: மாத வாடகை எவ்வளவு? எந்தக் கார்டுக்கு எத்தனை சதவீதம்? நம்ம ஊரில் எந்த சிம்முக்கு சிக்னல் நிற்கும்? மெஷின் மக்கர் செய்தால் எத்தனை நாளில் ஆள் வருவார்? மழுப்பினால் எழுந்து அடுத்த வங்கிக்கு நடங்கள்!