கயிலை வழியில் தேய்ந்த கால்கள்



புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கம் சாயங்காலத்தில் போனால், செம்பனை ஓரத்துத் திடலில் நம் பிள்ளைகள் பந்து உதைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். திடலுக்கு வெளியே முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டு, தொங்காட்டைப் பக்கத்தில் சாய்த்து வைத்து ஒருத்தன் உட்கார்ந்திருப்பான். யாரும் அவனுக்குச் சம்பளம் கொடுத்து விளையாட வைக்கவில்லை. வேலை முடிந்தோ வகுப்பு முடிந்தோ ஆசைக்கு விளையாடியவன். அந்த ஆசைதான் அவனுக்குப் பாதி உயிர்.

"கடவுள் ஏன்டா எனக்கு மட்டும் இப்படிப் பண்ணிட்டாரு?" என்று அவன் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? "தைரியமா இரு, சீக்கிரம் வந்துருவ" என்று தோளைத் தட்டிவிட்டுப் போவோம். நம் சமயம் அதற்கு மேலும் சொல்கிறது.

ரிக் வேதத்தின் முதல் மண்டலத்தில் விஷ்பலா என்றொருத்தி வருகிறாள். போரில் கால் அறுந்து போனவள். தேவ மருத்துவர்களான அசுவினி தேவர்கள் அவளுக்கு உலோகக் கால் பொருத்தி மறுபடியும் நடக்க வைத்தார்கள். கடவுளே மருத்துவராக வருகிற மதம் நம்முடையது. அதனால் விபூதி பூசிக்கொள்வதும் ஆஸ்பத்திரிக்குப் போவதும் ஒன்றுக்கொன்று எதிர் கிடையாது. ஜவ்வு கிழிந்த முட்டிக்கு எண்ணெய் போட்டு நீவிவிட்டு அடுத்த வாரமே ஆடலாம் என்று நினைப்பது பக்தியும் ஆகாது, வைத்தியமும் ஆகாது.

இப்போது அப்பர் பெருமானிடம் வருவோம். சேக்கிழார் பெரிய புராணத்தில் சொல்லும் வரலாறு இது. காசிக்குப் போன திருநாவுக்கரசருக்குக் கயிலையில் இறைவனைக் காண வேண்டும் என்ற ஆசை வந்தது. கூட வந்தவர்களை விட்டுவிட்டுத் தனியாக நடந்தார். பாதம் தேய்ந்தது. கைகளால் தவழ்ந்தார். கையும் தேய்ந்தது. மார்பால் ஊர்ந்தார். பிறகு உருண்டார். கடைசியில் அதுவும் முடியாமல் வழியிலேயே கிடந்தார். இறைவன் ஒரு முனிவராக வந்து, "மனிதர்களால் போக முடிகிற மலை இல்லை இது, திரும்பிப் போங்கள்" என்றார். அப்பர் மறுத்துவிட்டார். இறைவனைக் காணாமல் இந்த உடம்போடு திரும்ப மாட்டேன் என்றார்.

இந்த இடத்தோடு நிறுத்திவிட்டு, "பார்த்தீங்களா, எவ்வளவு விடாமுயற்சி!" என்று கைதட்ட வைக்கிற பேச்சு நிறையக் கேட்டிருக்கிறோம். கதை அதோடு முடியவில்லை. முனிவர் மறைந்தார். எழுந்திரு என்று ஓர் அசரீரி கேட்டது. தேய்ந்த அங்கமெல்லாம் பழையபடி வந்து, ஒளியோடு எழுந்து நின்றார் அப்பர்.

கவனியுங்கள். புதுக் காலைக் கொடுத்த இறைவன், "சரி, இனி மீதி மலையை ஏறு" என்று சொல்லவில்லை. பக்கத்திலிருந்த குளத்தில் மூழ்கச் சொன்னார். திருவையாற்றில் தரிசனம் தருகிறேன் என்றார். முனிவர் பேச்சைக் கேட்காத அப்பர் இப்போது மறுபேச்சுப் பேசவில்லை. மூழ்கினார். திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். கயிலைக் காட்சி அங்கேயே கிடைத்தது. இன்றைக்கும் ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் அந்த விழா நடக்கிறது.

காலில் அடிபட்டவனுக்கு இதிலே பெரிய செய்தி இருக்கிறது. நாம் குணமாவது என்றால், விழுந்த இடத்திலிருந்தே எழுந்து ஓடுவது என்று நினைக்கிறோம். அது சில பேருக்கு நடக்கும், சில பேருக்கு நடக்காது. ஆனால் இறைவன் வேறு இடத்தில் எழ வைத்தால், அந்த இடத்திலும் அவர் இருக்கிறார்.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை எடுத்துக்கொள்ளுங்கள். 5 வயதில் பள்ளிக்குப் போகும்போது பேருந்து ஏறி, வலது கால் முட்டிக்குக் கீழே நசுங்கிப்போனது. தாயார் சரோஜா செங்கல் சுமந்தும் காய்கறி விற்றும் வளர்த்தார். பள்ளியில் கைப்பந்து ஆடிய பையன் உயரம் தாண்டுதலுக்கு வந்தார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். தோக்கியோவில் 1.86 மீட்டர், வெள்ளி. 2024 பாரிசில் 1.85 மீட்டர், வெண்கலம். அந்தக் கால் பழையபடி ஆகவே இல்லை. உயரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அவர் தாண்டுவதை நிறுத்தவில்லை.

நான் பொறியியல் படிக்கிறவன். முட்டியில் அறுவை சிகிச்சையும் செய்துகொண்டவன். அதனால் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிறேன். கிழிந்த ஜவ்வுக்குப் பதிலாகப் பெரும்பாலும் நம் உடம்பிலிருந்தே ஒரு நாரை எடுத்துப் பொருத்துகிறார்கள். பொருத்திய முதல் சில மாதங்களில் அந்த நார் உறுதி கூடுவதற்கு முன் பலவீனமாகிறது. அந்த நேரத்தில்தான் வலி குறைந்து, "நல்லாயிட்டேன்" என்று தோன்றும். வலி போனதும் உறுதி வந்ததும் ஒன்றில்லை. வெட்டித் திரும்பி ஓடுகிற ஆட்டத்துக்கு 9 மாதமாவது காத்திருக்கச் சொல்வது இதனால்தான். அதற்காகப் படுத்தே கிடக்கவும் கூடாது. சுமை கொடுக்காத தசை சுருங்கிப்போகும். அளவான சுமை, அளவான ஓய்வு, தினமும்.

புதுக் கால் கிடைத்த அப்பர் பிறகு என்ன செய்தார்? திருப்புகலூர் கோயில் முற்றத்தில் உழவாரம் பிடித்துப் புல் செதுக்கினார். நம் பாட்டிமார்கள் தோட்டத்தில் செய்த அதே வேலை. கைதட்டல் கிடையாது, நாளைக்கு மறுபடியும் முளைக்கும். பிசியோதெரபியும் அப்படித்தான். காலை நீட்டித் தூக்கு, பத்து எண்ணு, இறக்கு. ஒவ்வொரு தடவையும் "நமசிவாய" சொல்லித் தூக்குங்கள். அதுவே உங்கள் உழவாரப்பணி.

கடைசியாக ஒன்று. மகன் காலை உடைத்துக்கொண்டால் அம்மா முருகனிடம் வேண்டிக்கொள்வார்: "என் பிள்ளை நடந்தா காவடி எடுக்க வைக்கிறேன்." அறுவை சிகிச்சை முடிந்து நாலாம் மாதம் தைப்பூசம் வந்துவிடும். பத்துமலையில் 272 படி. ஏறாவிட்டால் சாமி குத்தம் ஆகிவிடுமோ என்று வீடே பயப்படும். தம்பி, கயிலை ஏறாத அப்பருக்குக் குற்றம் வந்ததா? திருவையாற்றுக்கு இறைவனே வந்தார். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை காவடி காத்திருக்கலாம், முருகன் எங்கேயும் போய்விட மாட்டார். இந்த வருஷம் தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்து மோர் ஊற்றிக் கொடு. அம்மாவிடமும் இந்தக் கதையை எடுத்துச் சொல்.

மற்றவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. திடல் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவனிடம் "எப்போ ஆட வர்ற?" என்று மட்டும் கேட்காதீர்கள். அடுத்த ஆஸ்பத்திரி நாளுக்குக் காரில் கூட்டிப் போங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க அவனைக் கூப்பிடுங்கள். ஒருவேளை அதுதான் அவனுடைய திருவையாறாக இருக்கும்.

திருச்சிற்றம்பலம்.