முகமறியாக் கருணை

துன்பப்படுகிறவனுடைய முகத்தைக் காணாமலே அவன்பால் ஒருவனுக்குக் கருணை பிறக்குமா என்பது மடாலயங்களில் மட்டும் எழுகிற தத்துவ விசாரம் அன்று. அரசாங்கத்தின் மரணப் பதிவேடுகளையும் நோய்க் கணக்குகளையும் ஆராயும் பொறுப்பை ஏற்கிற இளம் மாணவன் ஒவ்வொருவனும் தன் மனச்சாட்சிக்கு விடை சொல்லியாக வேண்டிய வினா அது. அமெரிக்காவில், மேரிலாந்து மாநிலத்து ஹயட்ஸ்வில்லில் இருக்கும் தேசியச் சுகாதாரப் புள்ளிவிவர மையம், அக்கடமிஹெல்த் என்னும் அமைப்போடு சேர்ந்து, டாக்டர் பட்டத்துக்கு உழைக்கும் மாணவர்களுக்கும் உதவித்தொகை அளித்துத் தன் கணக்குகளை ஆராய அழைத்ததுண்டு. வைத்தியன் நாடி பிடித்துப் பார்க்கிறான். தாதி நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். இம்மாணவனோ நோயாளியின் பெயரைக்கூட அறியாமல், வயது, பால், வருவாய், வட்டாரம் என்ற கட்டங்களில் நிரம்பிய இலக்கங்களையே காண்கிறான். இதில் ஈரம் எங்கே இருக்கிறது என்று கேட்பவரை நாம் குறைகூற இயலாது.

ஆயினும், 1976 முதல் 1980 வரை அந்த மையம் செய்த காரியம் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். பரிசோதனை வண்டிகளை ஊர் ஊராக அனுப்பி, 6 மாதக் குழந்தை முதல் 74 வயது முதியவர் வரை பல்லாயிரம் பேரை அது சோதித்தது. எடுத்த ரத்தத்தின் கணக்குகளை ஒன்றுசேர்த்து நோக்கியபோது, பெட்ரோலில் கலந்த ஈயம் குறையக் குறைய ஜனங்களின் ரத்தத்தில் இருந்த ஈயமும் உடன் குறைந்து, அதன் சராசரி ஏறத்தாழ 37 சதவீதம் தாழ்ந்திருந்தது தெரியவந்தது. ஓசையின்றிப் புத்தியை மழுக்கும் அந்த விஷத்தை எந்தத் தாயும் தன் குழந்தையின் முகத்தைப் பார்த்துக் கண்டுகொண்டிருக்க முடியாது. இக்கணக்கையும் சான்றாகக் கொண்டே, ஒரு கேலன் பெட்ரோலுக்கு 1.1 கிராம் வரை அனுமதிக்கப்பட்டிருந்த ஈயத்தை 1986 ஜனவரி முதல் 0.1 கிராமாகக் குறைக்கும்படி அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1985-இல் ஆணையிட்டது. அதனால் காக்கப்பட்ட குழந்தை, தான் காக்கப்பட்டதை அறியாது. காத்தவனும் அக்குழந்தை யாரென்று அறியான். நன்றியை எதிர்பார்க்கவே இடமில்லாத இத்தொண்டுக்கு, பலன் கருதாத கர்மம் என்று பெயரிட்டால் தவறாகுமா?

வள்ளுவர் அன்புடைமையை இல்லறவியலிலும் அருளுடைமையைத் துறவறவியலிலும் வைத்தார். தன்னவரென்று அறிந்தவர்மேல் செல்வது முன்னது; அறிந்தவர் அறியாதவர் என்ற பேதமின்றி எவ்வுயிர்மேலும் பரவுவது பின்னது. பதிவேட்டின்முன் அமரும் மாணவன் அறிந்தோ அறியாமலோ இரண்டாம் நெறிக்கே உரியவனாகிறான். ஆகவே துறவிக்குரிய கட்டுப்பாடுகளும் அவனுக்கு வேண்டியிருக்கின்றன. பெயர் நீக்கியும் பொதுவில் வெளியிடப்படாத ஏடுகளை, அவற்றுக்கென்றே அமைந்த ஏற்பாட்டின்கீழ், மையத்தாரின் மேற்பார்வையில்தான் அவன் ஆராயலாம். தான் கண்ட முடிவையும் அவர்கள் சரிபார்த்த பின்னரே வெளியே கொண்டுவரலாம். சிறிய வட்டாரமொன்றில் ஒரு நோயால் மாண்டவர் பத்துப் பேருக்கும் குறைவாயின், அந்நாட்டு அரசாங்கத்தின் பொது அட்டவணையில் அவ்வெண் மறைக்கப்படுகிறது. அது பொய் என்பதனால் அன்று, மாண்டவர் இன்னாரென்று அண்டைவீட்டார் ஊகித்துவிடக்கூடும் என்பதனால். தீங்கு விளைவிக்காததே வாய்மை என்ற அறத்தைப் புள்ளிவிவரமும் ஏற்றுக்கொள்ளும் இடம் இது.

ஆனால், கருணையினால் மறைக்கப்பட்ட அச்சிலர், மறைக்கப்பட்டமையாலேயே கொள்கை வகுப்போரின் கண்ணிலிருந்து நழுவிவிடுவதும் உண்டு. பெரும்பான்மையின் சராசரிக்குள் சிறு குடியினரின் துயரம் கரைந்துபோகிறது. எண்ணின்வழி வரும் அருளுக்கு இயல்பாகவே அமைந்த எல்லை இது. இதனை மறைக்காமல், இன்னாரைப்பற்றி என் கணக்கு எதுவும் கூறவில்லை என்று தன் அறிக்கையிலேயே எழுதிவைப்பது அம்மாணவனது தலையாய கடமை. அவ்வொரு வாக்கியத்தைப் படித்து, அந்த வட்டாரத்துக்கு நேரிற் சென்று கதவைத் தட்டும் தாதி ஒருத்தி வாய்ப்பாளாயின், அருள் விட்ட இடத்தை அன்பு நிரப்பும். அவ்வாக்கியம் எழுதப்படாவிடில், அங்கே போகவேண்டும் என்பதே எவருக்கும் தெரியாது.