சுவிட்சின் மேல் பொறித்த எண்

நாணயம் என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரு பொருள் உண்டு. கையில் ஏந்தும் காசும் நாணயமே. கொடுத்த சொல்லைக் காக்கும் குணமும் நாணயமே. காசின் மேல் ஓர் எண் பொறித்திருக்கிறது. அதை நம்பி நாம் சரக்கைக் கொடுக்கிறோம். கடையில் விற்கும் மின்சாரச் சாமான்களின் மேலும் எண் பொறித்திருக்கிறது. ஒரு சுவிட்சின் முதுகில் '20 ஆம்பியர், 250 வோல்ட்' என்று எழுதியிருந்தால் அது வெறும் அடையாளமா, அல்லது மனிதன் மனிதனுக்குக் கொடுத்த வாக்கா? இக்கேள்வியைச் சிறிது ஆராய்வோம்.

நான் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்ப்பவன். 2019ஆம் ஆண்டில் எங்கள் ஆயாக் கொட்டகையில் குழந்தைகளைக் குளிப்பாட்டுவதற்காகச் சுடுநீர்ப் பெட்டி ஒன்று பொருத்தப்பட்டது. அதற்குரிய சுவிட்சை வாங்கும் பொறுப்பு என்னுடையது. பட்டணத்துக் கடையில் இரண்டு வகை காட்டினார்கள். ஒன்றின் விலை 18 வெள்ளி. மற்றொன்று 5 வெள்ளி. இரண்டின் மேலும் 20 ஆம்பியர் என்றே எழுதியிருந்தது. எண் ஒன்றாயிருக்க விலை ஏன் வேறாயிருக்க வேண்டும் என்று எண்ணி மலிவானதையே வாங்கினேன். அதன் மேல் சிரிம் வில்லை இல்லை என்பதைக் கண் கண்டது, மனம் பொருட்படுத்தவில்லை. தோட்டத்துக்கு 13 வெள்ளி மிச்சம் பிடித்த பெருமையோடு, பட்டியலில் 'சரிபார்க்கப்பட்டது' என்றெழுதிக் கையெழுத்தும் இட்டேன்.

சில மாதங்கள் சென்றன. ஒரு நாள் ஆயா வந்து, "கிராணி ஐயா, சுவிட்சுப் பக்கம் கருவாடு கருகுற மாதிரி வாடை வருதுங்க" என்றார். "லயத்தில் யாராவது சமைப்பார்கள், போங்கள் ஆயா" என்று அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள், அந்தச் சுவிட்சை அணைக்கப் போன அவர் விரலில் உருகிய பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டது. சுவிட்சோ அணையவில்லை, உள்ளிருந்த முனைகள் ஒன்றோடொன்று உருகிப் பற்றிக்கொண்டிருந்தன. வெந்த கையோடு ஓடி மெயின் சுவிட்சை அணைத்துக் குழந்தைகளைக் காத்தவர் அவரே. மருந்திட்டுக்கொண்டு வந்தவர் என்னிடம் சொன்னது இது: "நான்தான் ரொம்ப அழுத்திப் போட்டுட்டேன் போலிருக்கு. மன்னிச்சிடுங்க ஐயா."

குற்றம் செய்தவர் பலர் இருக்க, காயம் பட்டவர் ஏன் மன்னிப்புக் கேட்டார்?

நிற்க. உள்ளே நடந்தது யாதென முதலில் அறிவோம். 3,600 வாட் சுடுநீர்ப் பெட்டி 240 வோல்ட்டில் 15 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். அவ்வளவும் சுவிட்சுக்குள் இரு சிறு உலோக முனைகள் தொடும் இடத்தின் வழியே செல்ல வேண்டும். நல்ல சுவிட்சில் அம்முனைகள் வெள்ளிக் கலவையால் ஆனவை; ஸ்பிரிங் அவற்றை இறுக அழுத்தி நிற்கும். மட்டமான சுவிட்சில் மெல்லிய தகடும் தளர்ந்த ஸ்பிரிங்கும்தாம் இருக்கும். தொடுமிடத்தில் தடை ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு ஏறினாலும் போதும். 15 ஆம்பியர் ஓடுகையில் அங்கே 22 வாட்டுக்கு மேல் வெப்பம் எழும். வானொலி பழுது பார்ப்போர் ஈயத்தை உருக்கும் சூட்டுக்கோலை அச்சிறு பெட்டிக்குள் அடைத்து வைத்ததற்கு அது சமானம். வெப்பத்தால் ஸ்பிரிங் மேலும் தளரும், உலோகம் கறுக்கும், தடை ஏறும், வெப்பம் பின்னும் மிகும்.

இதில் கொடுமை யாதெனின், காவலுக்கு வைத்த கருவிகள் இதைக் காண்பதில்லை. ஓடும் மின்னோட்டம் அளவுக்கு மீறியதன்று. ஆகவே அளவு மீறினால் துண்டிக்கும் கருவி வாளாவிருக்கும். மின்சாரம் நிலத்துக்குக் கசியவுமில்லை. ஆகவே கசிவைக் காணும் கருவியும் அசையாது. அதே சுவிட்சில் 9 வாட் விளக்கொன்றை இணைத்திருந்தால் அதன் பொய் பல்லாண்டு வெளிப்பட்டிராது. சுமை வந்த அன்றே அதன் உண்மை தெரிந்தது.

நல்ல சுவிட்சை ஆக்கும் வழி அறியாமல் இக்குறை நேர்ந்ததென்று எவரும் சொல்ல முடியாது. 1884ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் ஜான் ஹென்றி ஹோம்ஸ் என்பவர், மெல்லப் பிரியும் முனைகளுக்கிடையே மின்பொறி நீண்டு நின்று உலோகத்தைத் தின்பதைத் தடுக்க, முனைகளைச் சட்டெனப் பிரிக்கும் சுவிட்சை அமைத்துவிட்டார். அறிவுக்குப் பஞ்சமில்லை, பஞ்சம் வேறொன்றுக்கு.

"ஏழைக்கு மலிவுச் சரக்கும் வேண்டாமா?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. மலிவு பாவமன்று. 'இது 6 ஆம்பியர் மட்டும் தாங்கும்' என்று உண்மை எழுதி விற்கும் மலிவுச் சுவிட்சு விளக்குக்கு உற்ற துணை. அதை வாங்குகிறவன் ஏமாறவில்லை. ஆறைத் தாங்கும் பொருளின் மேல் இருபது என்று எழுதுவதே பாவம். துணியைக் கையால் தடவிப் பார்க்கலாம்; அரிசியை வாயிலிட்டுப் பார்க்கலாம். சுவிட்சின் உள்ளத்தை யார் பார்ப்பது? வாங்குகிறவனால் சோதிக்க இயலாத இடத்தில்தான் விற்கிறவனின் சொல் அதிகமாகக் கட்டுப்பட்டது என்பது என் துணிபு.

செய்தவரைக் கேட்டால், "குறைந்த விலைக்குக் கேட்டார்கள்" என்பார். விற்றவரைக் கேட்டால், "வந்ததை விற்றேன்" என்பார். என்னைக் கேட்டிருந்தால், "தோட்டத்துப் பணத்தைச் சிக்கனம் செய்தேன்" என்றிருப்பேன். விலை பேசிய எங்கள் மூவருக்கும் விரல் வேகவில்லை. விலை பேச இடமேயில்லாத ஒருவருக்கு வெந்தது. 13 வெள்ளி மிச்சமாகவில்லை. வேறொருவர் தோலின் மேல் கடனாக எழுதப்பட்டது, அவ்வளவே. வள்ளுவர் வணிகரின் ஒழுக்கத்தைப் பொருட்பாலில் வைக்காமல், அறத்துப்பாலில் நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்ததன் காரணம் அன்றுதான் எனக்கு விளங்கியது.

ஆயினும் கடைக்காரரை ஏசி நான் தப்ப முடியாது. பொய்யான 20 என்ற எண்ணுக்கும், நான் எழுதிய 'சரிபார்க்கப்பட்டது' என்ற சொல்லுக்கும் என்ன வேறுபாடு? இரண்டும் சோதிக்காமல் எழுதியவை. இரண்டையும் நம்பியவர் அந்த ஆயா. ஆங்கிலம் படித்த கிராணி கையெழுத்திட்டான் என்றால் பிழை இராது என்று எண்ணியதனால்தான், தவறு தம் கையில்தான் இருக்கும் என்று அவர் தம்மையே நொந்துகொண்டார். எளியவர் பழியைத் தம்மேல் ஏற்றுக்கொள்ளும் வழக்கம் இருக்கும்வரை, பொய்யான எண்களுக்குச் சந்தையில் குறைவிராது.

அன்று அவரிடம் உண்மையைச் சொல்லி நானே மன்னிப்புக் கேட்டேன். இப்பொழுது வில்லையைப் பார்க்காமல், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கேளாமல், எந்தப் பட்டியலிலும் கையெழுத்திடுவதில்லை.

அன்பர்களே! உங்கள் வீட்டுச் சுவிட்சு கைக்குச் சுட்டால், காரணமின்றிக் கருவாட்டு வாடை வீசினால், உங்கள் விரலைக் குறை சொல்லாதீர்கள். மெயினை அணையுங்கள், ஆள் அழைத்துக் காட்டுங்கள். பிறகு அதை விற்றவரிடம் போய், "இந்த எண் யார் கொடுத்த வாக்கு?" என்று கேளுங்கள்.