யாத்திரீகரின் அந்நிய பாஷை

டிசம்பர் மாதப் பூரணை தொடங்கி வெசாக் பூரணை வரையில், ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாக மஸ்கெலியாவுக்குச் செல்லும் பஸ்களில் சிவனொளிபாதமலை யாத்திரீகர் நிறைந்திருப்பர். சைவர் சிவபெருமானுடையதென்றும், பௌத்தர் புத்த பகவானுடையதென்றும், இஸ்லாமியர் ஆதம் நபியுடையதென்றும் போற்றும் அந்தப் பாதச்சுவட்டை நாடி இரவிலே படியேறுகையில், இறங்கி வரும் சிங்கள மூதாட்டி 'கருணாவயி' என்று வாழ்த்த, சிங்களத்தில் சேர்ந்தாற்போல் இரண்டு வாக்கியம் பேச அறியாத தோட்டத்து மனிதரும் அச்சொல்லையே திருப்பிச் சொல்லி வணங்குகிறார். ஸ்பெயினில் சந்தியாகோ தே கொம்பொஸ்தேலாவுக்கு நடந்து செல்லும் அயல்நாட்டாரும் 'புவென் கமினோ' என்னும் வழி வாழ்த்தையும், 'கிராசியாஸ்' என்னும் நன்றியுரையையுமே முதலில் கற்கின்றனர்.

இலக்கணம் அறியாது மனனம் செய்து உச்சரிக்கும் வாழ்த்து மெய்யான வாழ்த்தாகுமா, வெறும் சப்தம்தானா? நவார் நாட்டில் பிறந்த கத்தோலிக்கக் குருவான சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, தமிழறிந்தோரைக் கொண்டு ஜெபங்களைத் தமிழாக்குவித்து, அவற்றை மனனம் செய்து, கைமணி ஒலித்து ஊர்தோறும் ஓதினார். அவருடைய விசுவாசம் பொய்யென்று எவரும் சொல்லார். ஞானம் முதிர்ந்த பின்னரே வாக்குப் பிறக்கவேண்டுமென வாதிப்போர், வடமொழி கல்லாத பக்தர் பஞ்சாட்சரத்தை ஓதி உருகுவதை மறந்துவிடுகின்றனர். எதிரே நிற்பவரை மதிக்கும் அந்தரங்க சுத்தியினாலேயே வாழ்த்து உயிர் பெறுகிறது என்பது என் துணிபு.

1956-இல் சிங்களம் மாத்திரமே அரசகரும மொழியென்று சட்டமியற்றப்பட்ட இந்த இலங்கைத் தீவில், சிங்கள யாத்திரீகரும் தமிழில் ஒரு 'வணக்கம்' பயின்று மலையேற வேண்டுமென்று பெரிதும் விரும்புகிறேன்.