தலைவலிக்குக் காரணம் தேடுவது தவக்குலுக்கு முரணா?

 

நம்மில் சிலருக்கு அடிக்கடி இப்படி வருவதுண்டு. பார்வையில் ஓரிடம் மறைகிறது. அதைச் சுற்றி நெளிநெளியாக ஒளிக்கோடுகள் மின்னுகின்றன. அரை மணி நேரத்தில் அது அடங்க, தலையின் ஒரு பக்கம் விண்விண்ணென்று தெறிக்கிறது, குமட்டுகிறது. வலியைவிட மனதை அரிப்பது ஒரு கேள்விதான்: இது ஏன் வருகிறது? மூளையில் கட்டியா? கண்ணேறா? ஜின்னா? செய்த பாவத்துக்குத் தண்டனையா?

நபியவர்களுக்கும் வந்த வலி

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். நபி (ஸல்) அவர்கள் இஹ்ராமில் இருந்தபோது, ஒற்றைத் தலைவலிக்காகத் தலையில் இரத்தம் குத்தி எடுத்துக்கொண்டார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. பாவங்களிலிருந்து காக்கப்பட்ட தூதருக்கே வந்த வலி இது. அப்படியிருக்க, அதே வலியால் துடிக்கும் இன்னொருவரைப் பாவி என்று தீர்ப்பளிக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது? அவர்கள் சிகிச்சையும் செய்துகொண்டார்கள். எனவே மருந்தைத் தேடுவது தவக்குலுக்கு முரணல்ல.

கொள்ளைநோய் பரவிய ஷாம் தேசத்துக்குள் நுழையாமல் உமர் (ரலி) திரும்பியபோது, அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று கேட்கப்பட்டது. அவனுடைய ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் அவர்கள் பதிலளித்தார்கள். நோயும் அவன் ஏற்பாடு. மருந்தும் அவன் ஏற்பாடு.

மருத்துவம் சொல்வது

இந்த ஒளிக்கோடுகளை மருத்துவர்கள் 'ஆரா' என்பார்கள். மூளையின் மேற்பரப்பில் மெல்லப் பரவும் ஒரு மின்மாற்ற அலையே இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. அந்த அலையை 1944-ல் பிரேசில் ஆய்வாளர் லியாவோ முயலின் மூளையில் கண்டு எழுதினார். ஆரா பெரும்பாலும் 5 முதல் 60 நிமிடத்தில் அடங்கிவிடும். பரம்பரையாகவும் வரும். பசி, தூக்கமின்மை, கண் கூசும் வெயில் ஆகியவை தூண்டிவிடும். கட்டியால் இப்படி வருவது அரிது.

ஆனால் திடீரென இடிபோல் வரும் வலி, கை கால் தளர்வு, பேச்சுக் குழறல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, திரும்பாத பார்வை, 50 வயதுக்குமேல் முதன்முறையாக வரும் வலி ஆகியவற்றில் தாமதம் கூடாது. கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரத்தில், 1985-ல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி இன்று அரசுக் கல்லூரியாக இருக்கும் மருத்துவமனை இருக்கிறது. பரங்கிப்பேட்டைக்கும் லால்பேட்டைக்கும் அது தூரமில்லை. மெடிக்கலில் வலிமாத்திரை வாங்கி மாதத்தில் பாதி நாள் விழுங்கினால், அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும்.

நமது பொறுப்பு

ஓதிப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. ஓதுங்கள்; ஓதிவிட்டு மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். 'ஜின் பிடித்திருக்கிறது' என்று ஒரு பெண்பிள்ளையைப் பற்றி நாம் சொல்லும் ஒரு வார்த்தை, அவள் வலி தீர்ந்த பிறகும் ஊரில் நிற்கும். அறியாததைச் சொல்லும் நாவுக்கும் கேள்வி கணக்கு உண்டு.

எப்படி வந்தது என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். எதற்காக வந்தது என்பதை அல்லாஹ்விடம் விட்டுவிட்டுப் பொறுமையைக் கேளுங்கள். உடல் அவன் தந்த அமானிதம். அதைப் பேணுவதும் இபாதத்தே.

வல்ல ரஹ்மான் நோயாளிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவையும், நமக்கு நாவடக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.